புதுப் பெயின்ட் ஏன் சுருங்குகிறது?

கேள்வி: கார் ஃபெண்டரில் கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்து, பிரைமர் போட்டு, ஸ்ப்ரே கேனில் கலர் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் தேய்த்த இடத்தைச் சுற்றி வளையமாகத் தோல் சுருங்கிவிட்டது. கேன் மட்டமான சரக்கா?

பதில்: கேன் மேல் பழி போடாதீர்கள், கோளாறு அடியில் இருக்கிறது. நடுவில் தகரம் தெரியத் தேய்த்திருப்பீர்கள், அங்கே ஊறுவதற்கு ஒன்றுமில்லை. வெளியே பழைய கிளியர் கோட் (கலருக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) முழுசாக இருக்கிறது, அதுவும் தாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் பழைய பூச்சுகள் அடுக்கடுக்காக வெட்டுப்பட்டு விளிம்பு காட்டுகின்றனவே, புதுப் பெயின்டில் உள்ள தின்னர் அந்த வழியாக இறங்கி அடிப்பூச்சை உப்ப வைத்துவிடும், உப்பியது பரவ இடமில்லாமல் சுருங்கி நிற்கும். கம்பெனியில் சூடேற்றி இறுக வைத்த பெயின்ட் பெரும்பாலும் இதற்கு அசையாது. முன்பு யாரோ டச்சப் செய்துவிட்டுப் போன இடம்தான் வம்பு, அதிலும் எனாமல் (மெதுவாக இறுகும் பெயின்ட்) மேல் லாக்கர் (தின்னர் பறந்ததும் சட்டென்று காயும் பெயின்ட்) அடித்தால் சுருக்கம் வர நிறைய வாய்ப்பு உண்டு. நன்றாகக் காய்ந்த லாக்கர் மேல் எனாமல் அடிப்பது பொதுவாகப் பிரச்சினை செய்யாது.

இப்போது அதன் மேலேயே இன்னொரு கோட் அடித்து மறைக்கப் பார்க்காதீர்கள், சுருக்கம் கூடத்தான் செய்யும். நன்றாகக் காயவிட்டு, சுருங்கியதை வாட்டர் பேப்பரால் அடிவரை தேய்த்து எடுங்கள். அப்புறம் வெள்ளைத் துணியில் லாக்கர் தின்னரைத் தொட்டு அந்த விளிம்பில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். துணியில் கலர் ஏறினாலோ, பூச்சு பிசுபிசுத்தாலோ, நகம் வைத்தால் பதிந்தாலோ அந்தப் பழைய பூச்சை நம்ப முடியாது. முழுவதையும் உரித்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. உரிக்க முடியாவிட்டால் எபாக்சி பிரைமரோ, ஐசொலேட்டர் என்று விற்கும் தடுப்புப் பூச்சோ அடித்து மூடிவிட்டுக் கலருக்குப் போங்கள். முதல் இரண்டு கோட்டைத் தூவின மாதிரி மெல்லிசாக அடியுங்கள், பளபளப்பு வரவில்லையே என்று அவசரப்பட வேண்டாம். ஈரமாகக் கனத்து அடித்தால்தான் தின்னர் உள்ளே இறங்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: எனாமல் கேனில், அடுத்த கோட்டை 1 மணி நேரத்துக்குள் அடி, இல்லாவிட்டால் 48 மணி நேரம் பொறு என்று போட்டிருக்கிறது. தொட்டால் ஒட்டவில்லை என்றால் எப்போது அடித்தால் என்ன?

பதில்: தொட்டால் ஒட்டாதது மேல் தோல் மட்டும்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் இளக்கமாக இருக்கும், புதுக் கோட் அதோடு கலந்துவிடும். இரண்டு நாள் போனால் இறுகிவிடும். நடுவில் பாதி இறுகி நிற்கும் நேரத்தில் அடித்தால் முதல் கேள்வியில் சொன்ன கதைதான். குளிரிலோ கனத்த பூச்சிலோ 48 மணி நேரமும் போதாது. ஒவ்வொரு கேனுக்கும் கணக்கு வேறு, பின்னால் உள்ள பொடி எழுத்தை நம்புங்கள்.

கேள்வி: சுருக்கம் இல்லை, ஆனால் மீன் கண் மாதிரி சின்னச் சின்னக் குழி விழுகிறது. இதுவும் பழைய பூச்சோடு வந்த ரியாக்ஷனா?

பதில்: இல்லை. அது சிலிக்கோன் வேலை, பெரும்பாலும் பழைய பாலிஷ் மிச்சம். தேய்ப்பதற்கு முன்பே வேக்ஸ் ரிமூவரால் துடையுங்கள், தேய்த்த பிறகு துடைத்தால் பாலிஷ் கீறலுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, ஹார்டனர் கலக்கும் 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கேடான ரசாயனம் இருக்கும், தூசி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் இல்லாவிட்டால் அந்த ஒரு கோட்டை மட்டும் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள்.