ஒரே வீட்டுத் தண்ணிதானே, இறால் ஏன் சாகுது?

கேள்வி: மூணு வருஷமா ஓடுற பழைய மீன் டேங்க் ஒண்ணு, ரெண்டு மாசம் முன்னாடி வச்ச புது டேங்க் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே குழாய்த் தண்ணிதான். பழசுல இருந்து பத்து கப்பி மீன், இருபது செர்ரி இறாலை (டேங்க்ல வளர்க்கிற குட்டி நன்னீர் இறால்) வலையில அள்ளி நேரா புதுசுல விட்டேன். கப்பி ஜம்முனு சுத்துது, இறால் மட்டும் ரெண்டாவது நாள்ல இருந்து ஒண்ணொண்ணா சாகுது. வீட்டுக்குள்ளயே மாத்துறதுக்கும் பழக்கப்படுத்தணுமா? மிச்சம் இருக்கிறத பழைய டேங்குக்கே திருப்பிடவா?

பதில்: திருப்பிடாதீங்க, அத முதல்ல சொல்லிடறேன். இன்னொரு தடவை தண்ணி மாறினா அது இன்னொரு அடி. லைட்ட குறைச்சு, சாப்பாடு கொஞ்சமா போட்டு, அதுங்கள அப்படியே விடுங்க.

குழாய்ல வரும்போது ஒரே தண்ணிதாங்க, ஆனா டேங்குக்குள்ள போன நாள்ல இருந்து மாறிக்கிட்டே இருக்கும். தண்ணி ஆவியாகும், கரைஞ்சிருக்கிற உப்பு ஆவியாகாது, குறைஞ்ச அளவுக்கு நாம மறுபடி குழாய்த் தண்ணியையே ஊத்துவோம், அதுல இருக்கிற உப்பும் சேரும், இப்படியே மூணு வருஷம் போனா டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்புகளோட மொத்த அளவு) எங்கயோ ஏறி நிக்கும். இன்னொரு பக்கம் மீன் கழிவை பாக்டீரியா நைட்ரேட்டா மாத்துறப்ப அமிலம் உண்டாகி கேஹெச்ச (அமிலத்தத் தாங்குற கார்பனேட் அளவு) கரைச்சு பிஹெச்ச (அமில-கார அளவு) இறக்கிடும். எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் எட்டு இறால் போச்சு, அப்புறம் டிடிஎஸ் மீட்டர் விட்டுப் பார்த்தா பழசுல 470, புதுசுல 190! ரெண்டு டேங்குக்கும் நடுவுல ஒரு சுவர்தான்.

செத்ததுல ஒண்ண எடுத்து வெளிச்சத்துல பாருங்க. தலை ஓடு முடியுற இடத்துல உடம்பச் சுத்தி நூல் கட்டின மாதிரி வெள்ளை வளையம் தெரிஞ்சா ஓடு கழட்ட முடியாம செத்திருக்குன்னு அர்த்தம். திடீர்னு தண்ணி மாறினா புது ஓடு தயாராகுறதுக்கு முன்னாடியே பழசக் கழட்டப் பார்க்கும், பாதியில மாட்டிக்கும். அதனாலதான் விட்ட அன்னைக்கு நல்லா இருந்துட்டு அடுத்தடுத்த நாள்ல சாகுது, நமக்கும் காரணம் பிடிபட மாட்டேங்குது. கப்பி கதை வேற, உப்பு கலந்த முகத்துவாரத் தண்ணியிலகூட வாழுற இனம் அது, இந்த வித்தியாசத்த எல்லாம் தாங்கிடும். கப்பி நல்லா இருக்கேன்னு தண்ணிய நம்பிடாதீங்க.

அடுத்த தடவை மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டு டேங்கையும் அளந்துருங்க. டிடிஎஸ் வித்தியாசம் 50க்குள்ள இருந்து சூடும் ஒண்ணா இருந்தா ரொம்ப மெனக்கெட வேண்டாம். அதுக்கு மேலன்னா சொட்டு சொட்டாத்தான் பழக்கணும். பழைய டேங்க் தண்ணி அரை லிட்டர் ஒரு டப்பாவுல எடுத்து அதுல இறாலை விட்டு, புது டேங்க்ல இருந்து ஏர் டியூப்ல (காத்து பம்புக்குப் போடுற மெல்லிசு டியூப்) தண்ணி இழுத்து, டியூப்ல ஒரு முடிச்சு போட்டு செகண்டுக்கு 3 சொட்டு விழுற மாதிரி இறுக்குங்க. மணிக்கு அரை லிட்டர் கிட்ட ஏறும். என் டேங்க் கணக்குப்படி 470ல இருந்தது முதல் மணி நேரத்துல 330க்கு வரும், மூணாவது மணியில 260. சின்ன டப்பா சீக்கிரம் ஆறிடும், தெர்மாமீட்டர் உள்ளயே கிடக்கட்டும், சுத்தி ஒரு துண்ட போட்டு வைங்க.

இத விட நல்ல வழி ஒண்ணு இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அவசரம் இல்லன்னா அஞ்சு வாரம் முன்னாடியே பழைய டேங்க்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பத்து சதவீதம் தண்ணி மாத்திக்கிட்டே வாங்க. புதுசோட அளவுக்குப் பக்கத்துல தானா வந்துடும், இறாலுக்கு நகர்ந்ததே தெரியாது.

கேள்வி: ஒரு நாள் முழுக்க பையில பயணம் பண்ணி வர்ற மீனையும் இப்படி மூணு மணி நேரம் சொட்டு விட்டுப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம்ங்க. மூடின பைக்குள்ள மீன் விடுற கார்பன் டை ஆக்சைடு பிஹெச்ச இறக்கி வச்சிருக்கும், அதனால சேர்ந்திருக்கிற அமோனியா பெரும்பாலும் விஷம் குறைஞ்ச அமோனியமா இருக்கும். பையத் திறந்தா அந்த வாயு போய் பிஹெச் ஏறும், அமோனியம் திரும்ப அமோனியாவா மாறும், அந்தத் தண்ணியிலயே மீன மணிக்கணக்கா வைக்கிறது பெரிய கொடுமை. பையத் திறக்காமலே 15, 20 நிமிஷம் டேங்க்ல மிதக்க விட்டு சூடு சமமானதும் திறந்து மீன மட்டும் எடுத்து விட்டுடுங்க, பைத் தண்ணி டேங்குக்குள்ள போகக் கூடாது.

கேள்வி: கோரி மீன் (அடியில மேயுற குட்டிக் கெளுத்தி வகை) வலையில மாட்டிக்கிட்டு வரவே மாட்டேங்குது.

பதில்: துடுப்புல முள் இருக்கு, பயந்தா விறைச்சுக்கும். இழுக்காதீங்க, வலைய தண்ணிக்குள்ளயே புரட்டிப் பிடிச்சா கொஞ்ச நேரத்துல தானா கழண்டுக்கும். அடுத்த தடவை வலையே வேண்டாம், ஒரு கப்ப சாய்ச்சு வச்சு மெதுவா அதுக்குள்ள ஓட்டுங்க.