ஊசியைக் கண்டால் மயக்கம்: நான் கோழையா?

கேள்வி: எனக்கு வயது 34. ஆறு வருடங்களுக்கு முன் ரத்தம் எடுக்கும்போது மயங்கி விழுந்தேன். அதன்பிறகு லேப் பக்கமே போகவில்லை. இப்போது எந்நேரமும் களைப்பு. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து நான்கு மாதமாகிறது, கைப்பையிலேயே கிடக்கிறது. “கைக்குழந்தைகூட ஊசி போட்டுக்கொள்கிறது” என்று கணவர் கேலி செய்கிறார். மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்திப் பார்த்தேன், இன்னும் மோசமானது. நான் கோழையா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இல்லை சகோதரி. தளர்த்தியதும் மோசமானது என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நாயைக் கண்டோ உயரத்தைக் கண்டோ பயப்படுபவருக்கு இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். உயிரே போய்விடும் போலிருக்கும். ஆனால் மயங்கி விழுவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் பற்றிய ஃபோபியா மட்டும் வேறு ரகம். முதலில் ஏறிய அழுத்தம் திடீரென்று சரிகிறது, நாடித்துடிப்பும் குறைகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைய, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இதில் மனவுறுதிக்கு என்ன வேலை? பல குடும்பங்களில் இது வழிவழியாக வருவதுண்டு. அப்பா, அம்மா, சித்தப்பா என்று விசாரித்துப் பாருங்கள், இன்னொருவர் அகப்படலாம்.

உடம்பைத் தளர்த்தினால் அழுத்தம் இன்னும் இறங்கும், அதனால்தான் உங்களுக்கு மோசமானது. இறங்குகிற அழுத்தத்தை ஏற்றத்தான் வழி வேண்டும். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கென்றே ஒரு பயிற்சியை வகுத்தார். உட்கார்ந்துகொண்டு கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்குங்கள். முகத்தில் சூடேறும்வரை, 10 முதல் 15 விநாடி. பிறகு விடுங்கள், துவண்டுபோகாமல், இயல்பு நிலைக்கு மட்டும். 20, 30 விநாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை. தினமும் சில தடவை செய்து பழகுங்கள். ரத்தம் எடுக்கும்போது அந்தக் கையை மட்டும் தளர்வாக விட்டு, மற்றதையெல்லாம் இறுக்க வேண்டும். ரத்தக்கொதிப்போ இதய நோயோ இருந்தால், கர்ப்பமாக இருந்தால், முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

மயக்கத்துக்கு இது போதும். பயத்துக்கு? சீட்டை மடித்துப் பைக்குள் வைக்கும்போதெல்லாம் ‘அப்பாடா’ என்றிருக்கும், இல்லையா? அந்த ‘அப்பாடா’தான் பயத்துக்குத் தீனி. தப்பித்ததால் பிழைத்தோம் என்று மனம் ஒவ்வொரு முறையும் கணக்கு எழுதிக்கொள்கிறது. அதனால் படிப்படியாக நெருங்குங்கள். ஊசியின் படம், பிறகு ரத்தம் எடுக்கும் வீடியோ, பிறகு லேபில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவது. ஒரு படியில் பதற்றம் தணிந்த பிறகே அடுத்தது. முயலைக் கண்டு அலறிய ஒரு சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதை அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-லேயே எழுதிவைத்திருக்கிறார். தனியாக முடியவில்லையென்றால் மனநல உளவியலாளரிடம் போங்கள். பெரும்பாலும் சில அமர்வுகளே போதும்.

ஆனால் களைப்பு அதுவரை காத்திருக்காது. ரத்தசோகையா, தைராய்டா என்பது அந்தப் பரிசோதனையில்தான் தெரியும். ஆகவே இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். “எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கொள்கிறேன்” என்று லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. முடிந்ததும் சட்டென்று எழுந்திருக்க வேண்டாம்.

கணவரையும் கூட்டிப்போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “பயப்படாதே” என்பதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் அவர் பேசலாம்.