காற்றடைத்த பைக்குள் கான்கிரீட் நிரப்பிப் பாதுகாப்புச் சுவர் கட்ட முடியுமா?
முடியும். ஆனால் ஈரக் கான்கிரீட்டின் எடையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. ஒரு மீட்டர் உயரம் ஊற்றினாலே அடியில் சதுர மீட்டருக்கு 2.4 டன் அழுத்தம் வரும். இரு பக்கத் துணிகளையும் உள்ளே இழைகளால் பிணைக்காவிட்டால் பை பானை வயிறாகப் புடைத்துவிடும். பெரும்பாலும் முதலில் பிரிவது தையல்தான். அடுக்கடுக்காக ஊற்றுங்கள், மேலே காற்று வெளியேற வழி விடுங்கள்.

தங்குமிடம்தான் நோக்கம் என்றால் நான் வேறு முறையைத்தான் சொல்வேன்: பலூனை ஊதி, அதன்மேல் கம்பி வலை கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சுவது. கட்டடக் கலைஞர் வாலஸ் நெஃப் 1941இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இப்படித்தான் குமிழ் வீடுகளைக் கட்டினார். 1960களில் இத்தாலியர் டான்டே பினி, தரையில் பரப்பிய ஈரக் கான்கிரீட்டையே காற்றழுத்தத்தால் குவிமாடமாகத் தூக்கி நிறுத்தினார்! கான்கிரீட் இறுகும்வரை காற்றழுத்தம் மட்டும் குறையவே கூடாது.