விட்ட இடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டுமா?

கேள்வி:

வணக்கம் அக்கா,

எனக்கு வயது 42. வெள்ளவத்தையில் இருக்கிறேன், புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை. சீனி வருத்தம் வரப்போகிற எல்லையில் நிற்கிறது என்று டொக்டர் சொன்னதில் இருந்து விடிய ஐந்தரைக்கு எழும்பி மரைன் டிரைவில் நடப்பேன். இரவுச் சோற்றைக் குறைத்தேன், கடைப் பக்கம் விற்கிற ரோல்ஸ், பற்றிஸ் ஒன்றும் தொடுவதில்லை. நிறை குறைந்தது, மூன்று மாதச் சராசரி காட்டுகிற இரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது.

போன கார்த்திகையில் அப்பா சாவகச்சேரியில் மோசம் போனார். அந்தியேட்டி முடியும்வரை ஊரில் நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எல்லாம் குழம்பிப் போச்சு. அலாரம் அடிக்கும், நிப்பாட்டிவிட்டுத் திரும்பிப் படுப்பேன். தைப்பொங்கலோடு தொடங்குவோம் என்றேன், அப்புறம் சித்திரை வருடப்பிறப்பு என்றேன், இப்போது ஒவ்வொரு திங்களும் சொல்கிறேன். திங்கள் தொடங்கி, புதன் இரவு ஒரு கொத்து ரொட்டி சாப்பிட்டால் சரி இந்தக் கிழமை போச்சு என்று ஞாயிறு வரை கண்டபடி சாப்பிடுவேன். இரவு ஒரு மணி வரை போன். கிளினிக்குக்கும் போகவில்லை, அந்த டொக்டரிடம் பேச்சு வாங்க ஏலாது. மனிசி, "உங்களுக்கு மனமில்லை, அவ்வளவுதான்" என்கிறா. முந்தி அப்பா நான் நடக்கிற நேரம் பார்த்து போன் எடுப்பார், அங்கே மாட்டுக்கு வைக்கோல் போட்டபடி கதைப்பார், அதனால் ஒரு நாளும் தவறாது. இப்போது அலாரம் வைத்தும் எழும்ப முடியவில்லை. இது சோம்பல்தானே? பழையபடி வர என்ன செய்ய?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை


பதில்:

வணக்கம் தம்பி,

கொத்துக்கும் அலாரத்துக்கும் கிளினிக்குக்கும் நிறைய இடம் கொடுத்துவிட்டு, அப்பா எடுக்கிற போனைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு விஷயம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் அதிகாலையில் எழும்பியது சீனிக்காக மட்டும் இல்லை, உங்களுக்காக ஒரு மனுசன் அங்கே விழித்திருந்தார். ஒரு பழக்கத்தைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் மனவுறுதி இல்லை. அந்த நேரம், அந்த இடம், அதோடு ஒட்டி வருகிற ஆள், இவைதான். இப்போது ஐந்தரைக்குக் கண் திறந்தால் முதலில் வருவது கடற்காற்று இல்லை, போன் அடிக்காது என்கிற நினைப்பு. அதற்குப் பயந்து திரும்பிப் படுப்பதைச் சோம்பல் என்று எழுத என் கை வராது.

நீங்கள் குறித்த நாட்களையும் பாருங்கள். பொங்கல், வருடப்பிறப்பு. இழவு நடந்த வீட்டில் ஆட்டத்திவசம் முடியும்வரை இரண்டுமே இல்லை. மற்ற வீடுகளில் பானை பொங்குகிற நாளில், நீங்கள் துக்கத்தோடு இருந்துகொண்டு புது மனுசனாக வேண்டும் என்று உங்களுக்கே கட்டளை போட்டிருக்கிறீர்கள். கிழமைத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி ஆட்கள் உடற்பயிற்சிக்குக் கூடுதலாகப் போகிறார்கள் என்று 2014இல் கேத்ரின் மில்க்மன் என்பவரும் கூட இருந்தவர்களும் எழுதினார்கள், அது உண்மைதான். ஆனால் திங்கள் தருவது ஒரு தள்ளு மட்டும். புதன்கிழமையைத் தாங்க அது காணாது.

புதன் கொத்துக்கு வருகிறேன், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மாக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் வைத்துப் பார்த்தார்கள். மில்க்‌ஷேக் குடித்தவர்கள் வயிறு நிரம்பியதால் குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? மில்க்‌ஷேக் குடிக்காமல் வந்தவர்களை விடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இன்றைக்குக் கட்டுப்பாடு போச்சு, இனி என்ன என்ற எண்ணம்தான் காரணம். உங்கள் கணக்கும் இதுதான், கணக்கு வேலை பார்க்கிற உங்களுக்கு இது பிழையென்று தெரியவேண்டும்: ஒரு கொத்தால் வந்த செலவு ஒரு கொத்து மட்டும். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு நான்கையும் அதன் தலையில் எழுதியது நீங்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள், ஆளுக்காள் கணக்குப்படி 18 தொடக்கம் 254 வரை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. ஆட்கள் 66ஐ மட்டும் பிடித்துக்கொண்டு இதைச் சொல்வதில்லை.

அதனால் பழையபடி வர வேண்டாம். ஐந்தரை, மரைன் டிரைவ், இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். அந்த நேரத்தில் அம்மாவுக்கு எடுங்கோ என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும், நான் சொல்ல மாட்டேன். அவவை அப்பாவின் இடத்தில் நிறுத்துவது அவவுக்கும் பாரம், உங்களுக்கும். உங்களுக்கே ஒரு நாள் அப்படித் தோன்றினால் அது வேறு கதை.

இரவுச் சாப்பாடு முடிந்த உடனே மனிசியோடு பத்து நிமிடம் கீழே இறங்கி நடங்கள், அவ்வளவு போதும். சாப்பிட்ட பிறகு நடப்பது சீனிக்கு நேரடியாக நல்லது, ஏறுகிற அளவு குறையும். கிழமைக்கு 150 நிமிட உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் 2020 வழிகாட்டலில் பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில்லை என்ற பழைய விதியை எடுத்துவிட்டார்கள். கொழும்பில் இந்த மாதங்களில் மழை கொட்டும், கொட்டினால் மாடிப் படிக்கட்டில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள், இன்றைக்கு மழை என்று படுக்காதீர்கள். போனை மட்டும் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். சாப்பாட்டில் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் தொடங்கித்தான் புதன்கிழமை விழுகிறீர்கள்.

மனிசியிடம் அப்பாவின் போனைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? எனக்கு என்னவோ சொல்லவில்லை என்றுதான் படுகிறது. "மனமில்லை" என்று அவ சொல்வது தெரியாததால்தான் இருக்கும். நடக்கும்போது சொல்லுங்கள், முகம் பார்க்காமல் பக்கத்தில் நடந்தபடி கதைப்பது உங்களைப் போன்ற ஆண்களுக்குச் சுலபம்.

கிளினிக்கைத் தள்ளிப்போடுவதில் மட்டும் நான் உங்கள் பக்கம் இல்லை. நித்திரைக் குறைவும் துக்கமும் கூடச் சீனியை ஏற்றும், அதனால் பரிசோதனையில் கூடுதலாக வந்தால் அது ரோல்ஸின் கணக்கு மட்டும் இல்லை. உள்ளே போனதும் முதல் பேச்சாக, "அப்பா இறந்தவர், அதற்குப் பிறகு எல்லாம் விட்டுப்போச்சு" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுவிட்டும் ஏசுகிற டொக்டர் என்றால் டொக்டரை மாற்றுங்கள், பரிசோதனையை விடாதீர்கள்.

நித்திரை இப்படியே போனால், ஒன்றிலும் பிடிப்பு இல்லாமல் நாள் முழுக்கக் கிடக்க வேண்டும் போல இருந்தால், அல்லது உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் ஒரு தரம் வந்தாலும், திங்கள் வரை பார்க்காமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுங்கள். இல்லையென்றால், நாளைக்குக் கடைக்குப் போகிற வழியிலேயே கிளினிக்குக்கு ஒரு திகதி கேட்டு வாங்கிவிடுங்கள்.