பன்மட்ட ரிக்ரஷனில் தரப்படுத்திய கெழு: எந்தத் திட்டவிலக்கத்தால் வகுப்பது?

கடலூர், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் திரட்டிய கணித மதிப்பெண்களுக்கு ஆர் மென்பொருளின் எல்எம்இ4 (lme4) தொகுப்பில் பன்மட்ட மாதிரி, அதாவது மாணவர், பள்ளி என இரு மட்டங்களையும் கணக்கில் கொள்ளும் ரிக்ரஷன், பொருத்தியதாகவும், வெவ்வேறு அலகுகளில் உள்ள விளைவுகளை ஒப்பிட உதவும் தரப்படுத்திய கெழுக்களை அது தராததால் எப்படிக் கணக்கிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கெழுவைச் சாரா மாறியின் (படிக்கும் நேரம் போன்றது) திட்டவிலக்கத்தால் பெருக்கி, சார்ந்த மாறியின் (இங்கே மதிப்பெண்) திட்டவிலக்கத்தால் வகுக்க வேண்டும் என்பது தெரிந்ததே. ஆனால் மாணவர்கள் பள்ளிகளுக்குள் அடங்கிய தரவில் ஒரே மாறிக்குப் பள்ளிக்குள் ஒன்று, பள்ளிகளுக்கிடையே ஒன்று, இரண்டும் சேர்ந்த மொத்தம் ஒன்று என மூன்று திட்டவிலக்கங்கள் உண்டு.

விளக்கத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். மதிப்பெண்ணின் மாறுபாடு (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) பள்ளிக்குள் 64, பள்ளிகளுக்கிடையே 36 என்றால், திட்டவிலக்கங்கள் 8, 6, மொத்தம் 10. வீட்டில் படிக்கும் நேரத்தின் திட்டவிலக்கம் பள்ளிக்குள் 1.5 மணி, மொத்தமாக 2.5 மணி, கெழு 1.6. வகுப்பின் அளவு பள்ளிக்குப் பள்ளிதான் மாறும். திட்டவிலக்கம் 6, கெழு −0.5. மொத்தத் திட்டவிலக்கத்தால் கணக்கிட்டால் படிக்கும் நேரத்துக்கு 0.40, வகுப்பின் அளவுக்கு −0.30 வருகிறது, அந்தந்த மட்டத்தின் திட்டவிலக்கத்தால் கணக்கிட்டாலோ 0.30, −0.50. எதன் தாக்கம் பெரிது என்ற முடிவே தலைகீழாகிவிடுகிறது!

அந்தந்த மட்டத்தை வைத்துக் கணக்கிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. சாரா மாறி எதுவும் இல்லாத வெற்று மாதிரியை முதலில் பொருத்தி, மதிப்பெண்ணின் இரு மாறுபாடுகளையும் அதிலிருந்து எடுங்கள். படிக்கும் நேரத்தைப் பள்ளியின் சராசரி, அந்தச் சராசரியிலிருந்து மாணவரின் விலகல் என இரண்டாகப் பிரித்துச் சேருங்கள். பிரிக்காவிட்டால் கிடைக்கும் கெழு இரு மட்ட விளைவுகளின் கலவையாக இருக்கும்.

உங்கள் தரவில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன, கடலூர் அரசுப் பள்ளிகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே நடக்கிறது. இரு தரப்புக்கும் நீங்கள் ஒரே வினாத்தாளைக் கொடுத்திராவிட்டால், பள்ளிகளுக்கிடையிலான மாறுபாட்டில் வினாத்தாள்களின் வேறுபாடும் கலந்து, அதனால் வகுக்கப்படும் பள்ளி மட்டக் கெழுக்கள் எல்லாம் சிறுத்துவிடும். பாடத்திட்டத்தை மட்டும் 0, 1 மாறியாக அந்த வெற்று மாதிரியில் சேர்த்து, அதற்குப் பின் எஞ்சும் பள்ளி மட்ட மாறுபாட்டைப் பயன்படுத்துங்கள். அந்த மாறியைத் தரப்படுத்த வேண்டாம். இத்தனை மதிப்பெண் வேறுபாடு என்றே சொல்லலாம்.

மட்டங்களுக்கிடையே இடைவினை இருந்தால், அதாவது மாணவர் மட்ட மாறியின் விளைவு பள்ளி மட்ட மாறியைப் பொறுத்து மாறினால், மாறிகளைத் தரப்படுத்திய பிறகு பெருக்குங்கள், பெருக்கற்பலனைத் தரப்படுத்தாதீர்கள். ஆய்வேட்டின் அட்டவணையில் மூலக் கெழு முதல் நிரலில் இருக்கட்டும். தரப்படுத்தியதை அடுத்த நிரலில் கொடுத்து, எந்தத் திட்டவிலக்கத்தால் வகுத்தீர்கள் என்பதை அட்டவணையின் அடியிலேயே எழுதிவிடுங்கள்.