குடியிருப்பவரிடம் கேட்காமல் கிரையம் பேசாதீர்கள்

மதுரைப் புறநகரில் எட்டு சென்ட் இடம், அதில் ஒரு பழைய ஓட்டு வீடு, அந்த வீட்டில் வாடகையும் ஒப்பந்தமும் இல்லாமல் 15 ஆண்டுகளாக ஒரு குடும்பம், வீட்டு வரி ரசீதும் அவர்கள் பெயரில், உரிமையாளரோ வெளியூரில், கேட்கும் விலை சந்தை மதிப்பில் பாதி. இதை வாங்கலாமா, வாங்கினால் அவர்களை வெளியேற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தை நீங்களே நேரில் சந்தித்துப் பேசும்வரை முன்பணமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்பதே என் பதில். பேசிய பிறகும் வாங்குவதென்று முடிவானால், வீடு காலியாகிச் சாவி உங்கள் கைக்கு வரும் நாளில்தான் பெரும்பகுதிப் பணம் கைமாற வேண்டும்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் மாதக்கணக்கில் ஆராய்பவர்கள்கூட வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தரகரும் அதை விரும்புவதில்லை. ஆனால் சட்டம் நீங்கள் கேட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 3ஆம் பிரிவின் விளக்கப்படி, ஒரு சொத்தை வாங்குபவருக்கு, அதில் அப்போது உண்மையில் குடியிருப்பவருக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அது தெரிந்திருந்ததாகவே கருதப்படும். அவர் கையில் பழைய கிரைய ஒப்பந்தம் இருந்தாலும், விற்பவரின் தந்தை எழுதிக்கொடுத்த காகிதம் இருந்தாலும், "எனக்கு யாரும் சொல்லவில்லை" என்று பின்னாளில் நீதிமன்றத்தில் நீங்கள் வாதிட முடியாது.

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் என் அக்காவுக்கு இடம் பார்த்தபோது இதை நேரில் கண்டேன். விற்பவர் "ஆக்கிரமிப்பு செய்துவிட்டார்கள், வெறும் கூலியாட்கள்" என்று சொல்லியிருந்தார். நாங்கள் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது, அந்த வீட்டு அம்மா மறைக்காமல் சொன்னார்: "எங்க மாமனாரை அவுக அப்பாதாங்க காவலுக்குன்னு இங்க வச்சாரு. வாடகைன்னு அவுகளும் கேட்டதில்ல, நாங்களும் குடுத்ததில்ல." இந்த ஒரு பேச்சில் வழக்கின் தன்மையே மாறிவிட்டது. அவர்கள் அத்துமீறி வந்தவர்கள் அல்லர். உரிமையாளரின் அனுமதியோடு வந்தவர்கள். சட்டத்தின் பார்வையில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 65ஆம் உறுப்பின்படி, உரிமையின் அடிப்படையில் சுவாதீனம் (சொத்தைத் தம் கைவசம் ஒப்படைப்பது) கேட்டு வழக்குத் தொடர 12 ஆண்டுகள்தாம் அவகாசம். எதிராளியின் அனுபவம் எப்போது உரிமையாளருக்கு எதிரானதாகிறதோ அப்போதிலிருந்து அது எண்ணப்படும். அந்தக் காலம் கடந்துவிட்டால், அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி உரிமையாளரின் உரிமையே அழிந்துபோகிறது. இதைத்தான் எதிரிடை அனுபவம் என்கிறார்கள். ஆனால் வெறுமனே நெடுங்காலம் இருந்தது மட்டும் போதாது. வெளிப்படையாக, இடையறாமல், "இது என்னுடையது" என்று உரிமையாளரை மறுத்து இருந்திருக்க வேண்டும். காவலாளியும் வேலைக்காரரும் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அந்த இருப்பினாலேயே உரிமை பெறுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இல், கோவாவைச் சேர்ந்த ஒரு வீட்டு வழக்கில், தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மறுபக்கம், 12 ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்து முடித்தவர் தற்காப்புக்காக மட்டுமல்லாமல், தாமே வாதியாக வந்தும் அந்த உரிமையைக் கோரலாம் என்று 2019இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே உங்கள் விஷயத்தில் 15 ஆண்டுகள் என்ற கணக்கு என்னை உண்மையாகவே கவலைப்பட வைக்கிறது. சொத்து கைமாறினால் காலக்கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. விற்பவருக்கு எதிராக ஓடிய காலம் உங்களுக்கு எதிராகவும் தொடர்ந்து ஓடும். அவர் ஏற்கெனவே உரிமையை இழந்திருந்தால், உங்களுக்குப் பத்திரம் எழுதிக்கொடுப்பதில் எதையும் தந்தவர் ஆகமாட்டார். வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாதுதான். ஆனால் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள் என்பதற்குச் சான்றாகும். எனவே அவர்கள் எப்படி வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள், இடையில் வக்கீல் நோட்டீஸோ வழக்கோ இருந்ததா என்பவற்றை இரு தரப்பிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். முன்பு வாடகை கொடுத்தவர்கள் என்று தெரிந்தால் அவர்கள் குடித்தனக்காரர்கள். வழி வேறு, சட்டமும் வேறு. நிலத்துக்கு மட்டும் தரைவாடகை கொடுத்து வீட்டைத் தாங்களே கட்டிக்கொண்டவர்கள் என்றால் இன்னும் கவனம் தேவை.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். யார் குடியிருக்கிறார்கள் என்று அதில் ஒரு வரியும் இராது. நிலுவையில் இருக்கும் வழக்கும் அதில் தெரியாமல் போகலாம். அதனால் நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கும் ஈ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவர் பெயரையும் குடியிருப்பவர் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி அதன் முடிவு உங்களையும் கட்டுப்படுத்தும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. மதுரையைச் சுற்றிக் கோயில் நிலமும் கண்மாய்ப் புறம்போக்கும் ஏராளம். ஆக்கிரமிப்பாளர் இருக்கும் இடத்தின் "உரிமையாளர்" என்று வருபவரே உரிமை இல்லாதவராக இருப்பதும் உண்டு. நிலம் எந்த வகை, யார் பெயரில் என்று காட்டும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும், நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டையும், இடத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படத்தையும் கட்டாயம் பாருங்கள். அறநிலையத் துறைச் சட்டம், 1959இன் 34ஆம் பிரிவின்படி உரிய அனுமதியின்றிச் செய்யப்பட்ட கோயில் நில விற்பனை செல்லாது. அந்த நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறையும் இல்லை. அப்படிப்பட்ட இடமென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

பாதி விலை என்பதை மட்டும் வைத்து இலாபக் கணக்குப் போட வேண்டாம். பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆள் குடியிருக்கிறார் என்பதற்காக வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்திருக்கும் விலை) குறையாது. பிறகு நீங்கள் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டால், சந்தை மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். வீடு அவர்கள் கையில் இருக்கும்போது உறுத்துக்கட்டளை (நீதிமன்றத் தடை உத்தரவு) மட்டும் கேட்டால் போதாது. சுவாதீனத்தைத் திரும்பக் கேட்க வேண்டும், உரிமை மறுக்கப்பட்டால் உரிமை விளம்புகையும், அதாவது சொத்து உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பும், கேட்க வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு அமீனா என்னும் நீதிமன்றப் பணியாளர் வந்து வீட்டை எடுத்துக்கொடுக்க நிறைவேற்று மனு தனியே போட வேண்டும். அதை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கீழமை நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தியது. ஆனால் அதற்கு முன்னால் மேல்முறையீடுகள் இருக்கின்றன. வங்கிக் கடனும் இப்படிப்பட்ட இடத்துக்கு எளிதில் கிடைக்காது.

ஆள் வைத்துக் காலி செய்கிறேன் என்று யாராவது முன்வந்தால், அந்த ஆளோடு பேச்சையே முறித்துக்கொள்ளுங்கள். சட்ட வழியன்றி வெளியேற்றப்பட்டவர், குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் 6ஆம் பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், உரிமை யாருடையது என்று பாராமலே வீடு அவரிடம் திரும்பும். குற்ற வழக்கு தனி. சட்டத்தை விட்டுவிட்டாலும், பாத்திரம் பண்டங்களைத் தெருவில் எறிந்து ஒரு குடும்பத்தை அனுப்பிய வீட்டில் நம் பிள்ளைகளை வாழவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

ஒத்தக்கடையில் நாங்கள் செய்தது இது. காவலுக்கு வைக்கப்பட்டதை அந்தக் குடும்பத்துத் தலைவர் வக்கீல் முன்னிலையில் எழுத்தில் ஒப்புக்கொண்டார். கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வீட்டைக் காலியாக ஒப்படைப்பது விற்பவரின் பொறுப்பு, ஒப்படைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று அதிலேயே எழுதினோம். அந்தக் குடும்பம் வேறு வீடு பார்த்து அட்வான்ஸ் கொடுப்பதற்கான தொகையை விற்பவர் தம் பங்கிலிருந்து தந்தார். பிள்ளைகளின் முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்று அக்காவே காத்திருக்கச் சொன்னாள். தொகை பெற்றதற்கும் இனி பாத்தியதை கோரவில்லை என்பதற்கும் வயது வந்த அனைவரும் கையொப்பமிட்டார்கள். சாவி வாங்கிய அன்றே கிரையம் பதிவானது. மின் இணைப்பு, வீட்டு வரிப் பெயர் மாற்றங்களை உடனே தொடங்கினோம்.

வங்கி ஏலத்தில் வரும் சொத்தாக இருந்தால், அறிவிப்பில் அடையாள சுவாதீனமா (காகித அளவில் மட்டும் வங்கி வசம்), நேரடி சுவாதீனமா என்று பார்த்துவிட்டே தொகை கட்டுங்கள். அடையாள சுவாதீனம் என்றால் ஆள் இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.

"இன்று முதல் தாங்களே சுவாதீனம் எடுத்துக்கொண்டு ஆண்டனுபவித்துக்கொள்வீர்களாகவும்" என்று பத்திரத்தில் எழுதித்தர விற்பவர் எவரும் தயங்கமாட்டார். நீங்கள் கேட்க வேண்டியது, அந்த வரி உண்மையாகும் நாள்வரை மீதிப் பணத்துக்கு அவர் காத்திருப்பாரா என்பதை. மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.