'நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது' என்ற ஆங்கிலச் சொலவடையைத் தமிழில் எப்படி எழுதுவது?

நீங்கள் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதுசு, நாளைக் காலைக்குள் அனுப்பியாக வேண்டும், இந்த ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள், சரிதானே? இதே வரியில் அசிங்கப்பட்டவன் நான்.

ஆறேழு வருடம் முன்னால் ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனைக் கையேடு வந்தது. ஏற்கெனவே பத்துச் சோப்பு குவிந்து கிடக்கிற கடையில் நம்முடையதையும் கொண்டுபோய் அடுக்குவது, நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது போல என்று ஒரு வரி. அப்படியே போட்டுவிட்டேன். அக்கா வீட்டுக்காரர் இருபது வருடமாகக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர், இதைப் படிக்கப்போவது அவர் மாதிரி ஆட்கள்தானே என்று பிரின்ட் எடுத்துக் காட்டினேன். சேலம் அம்மாபேட்டையில் தள்ளுவண்டி பக்கத்தில் நின்று தட்டுவடை செட் தின்றுகொண்டே படித்தார். சிவப்புச் சட்னி ஒட்டிய கட்டைவிரல் அந்த வரிமேலேயே வந்து நின்றது.

"ஏன் மாப்ள, மேட்டூருக்கு ரயில் ரயிலா நிலக்கரி போவுது, நல்ல யாவாரம்தான? போய் வில்லுங்கன்னுதான சொல்லியிருக்கு?"

அவர் மேல் தப்பே இல்லை. நியூகாசில், இங்கிலாந்தின் வடகிழக்கில் டைன் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். பல நூற்றாண்டாக லண்டனுக்கே கப்பலில் நிலக்கரி அனுப்பிய ஊர், அதனால் அங்கே படிக்கிறவனுக்குப் பெயரைக் கேட்டதுமே கிண்டல் புரிந்துவிடும். மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கோ வெளியிலிருந்து நிலக்கரி வந்தால்தான் கொதிகலன் எரியும். ஓமலூர்ப் பக்கம் அந்த கூட்ஸ் வண்டிக்காக கேட்டில் காத்து நின்றவருக்கு அர்த்தம் தலைகீழாகத்தான் ஏறும்.

எல்லோரும் உடனே சொல்வது 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது'. நல்ல பழமொழி, குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் அதில் தெரிந்தவனிடமே வித்தை காட்டுகிற நக்கல் தூக்கலாக இருக்கிறது, சரக்கு குவிந்து கிடக்கிறது என்பது பின்னால் போய்விடுகிறது. 'திருநெல்வேலிக்கே அல்வாவா' கச்சிதமாக இருக்கும்தான், ஆனால் அல்வா கொடுப்பது என்றாலே ஏமாற்றுவது என்று ஆகிவிட்டது, அதைப் போய் விற்பனைக் கையேட்டில் வைக்க முடியுமா?

கடைசியில் 'சேலத்துக்கே மாம்பழம் அனுப்புவது போல' என்று எழுதினேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார். (அதெல்லாம் கிருஷ்ணகிரிப் பக்கம் விளைவது என்று ஒருவர் வருவார். தெரியும் ஐயா, 1965 வரை அதுவும் சேலம் மாவட்டம்தான்.)

உங்களுடையது கதையாக இருந்து, பேசுகிறவன் இங்கிலாந்துக்காரனாக இருந்தால் மாம்பழம் வேண்டாம், அவன் வாயில் ஒட்டாது. 'நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசிலுக்கே நிலக்கரியா' என்று இரண்டு சொல்லைக் கூட்டிவிடுங்கள், போதும்.

என் வரி அச்சில் வரவில்லை என்பது வேறு கதை. வேலை கொடுத்த இடத்தில் திருத்தியவர் 'மூலத்தில் மாம்பழம் இல்லை' என்று ஓரத்தில் எழுதி நிலக்கரியையே திரும்ப வைத்துவிட்டார். கூலியாவது ஒழுங்காக வந்ததா என்றால் அதுவும் இல்லை. தமிழில் எத்தனை வார்த்தையோ அத்தனைக்குத்தான் காசு. ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தையில் இருப்பது நமக்கு 'கொண்டுபோகவேண்டியதில்லை' என்று ஒன்றாக முடிந்துவிடும், ஒன்றுக்குத்தான் எண்ணினார்கள். அன்றிலிருந்து அவர்களுக்கு மட்டும் 'கொண்டு போக வேண்டியது இல்லை' என்று பிரித்துப் பிரித்துத்தான் எழுதுகிறேன்.